வெள்ளிப் பன்றிகள்

"சரித்திரமா? தூக்கம் வருகிறதே!" என்று பிள்ளைகள் சொல்வதுண்டு. அவர்கள் மீது குற்றம் இல்லை. அரசர் பட்டம் ஏறினார், போர் செய்தார், மாண்டார் என்று ஆண்டுக் கணக்கையே ஒப்பித்தால் யாருக்குத்தான் தூக்கம் வராது?

இங்கிலாந்துப் பெண் எழுத்தாளர் லிண்ட்சி டேவிஸ் வேறு வழி கண்டார். 1989-ல் அவருடைய துப்பறியும் நாவல் ஒன்று வெளிவந்தது. பெயர் 'வெள்ளிப் பன்றிகள்'. மூக்கைப் பொத்திக் கொள்ள வேண்டாம்! உருக்கி வார்த்த உலோகக் கட்டியை ஆங்கிலத்தில் 'பன்றி' என்றும் சொல்வார்கள்.

கதை நடப்பது ரோமாபுரியில், கி.பி. 70-ல். துப்பறிபவன் பால்கோ. குடியிருப்பது ஆறாவது மாடியில். கீழே சலவைக்கடை. வாடகை பாக்கி. வீட்டுக்காரனின் அடியாட்களைக் கண்டால் ஓட்டம்தான்!

ஒரு நாள், முரடர்கள் துரத்த ஒரு பெண் ஓடி வருகிறாள். பால்கோ காப்பாற்றுகிறான். துருவிப் பார்த்தால், பிரிட்டனில் எடுத்த வெள்ளியைத் திருடி, சக்கரவர்த்திக்கு எதிராக ஒரு கூட்டம் சதி செய்வது தெரிகிறது.

அந்தச் சக்கரவர்த்தி வெஸ்பாசியன் கற்பனை அல்ல. கி.பி. 69 என்ற ஒரே ஆண்டில் ரோமாபுரி நான்கு சக்கரவர்த்திகளைக் கண்டது. நான்காமவர் இவர். அப்போது கஜானா காலி. அந்தக் காலத்தில் துணி வெளுக்கச் சிறுநீரைப் பயன்படுத்தினார்கள். அதற்கும் வரி போட்டார்! மகன் டைட்டஸ் முகம் சுளித்தார். தந்தையோ, வரிப்பணத்தில் ஒரு காசை எடுத்து மகனின் மூக்கருகே நீட்டி, நாறுகிறதா என்று கேட்டாராம்.

இதுவரை சிரிப்பு. பிறகு பால்கோ அடிமை வேடம் போட்டுச் சுரங்கத்துக்குப் போகிறான். அங்கே சிரிப்பு நின்று விடுகிறது. குளிர், பசி, அடி, உதை. காசு நாறவில்லை, சரி. அதில் கலந்திருந்த அடிமையின் கண்ணீரைச் சக்கரவர்த்தி பார்த்தாரா?

பால்கோ கற்பனை. சுரங்கம் நிஜம். தென்மேற்கு இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளில் ரோமர்கள் ஈயமும் வெள்ளியும் எடுத்தார்கள். வெஸ்பாசியன் பெயர் பொறித்த ஈயக் கட்டிகள் பிரிட்டனில் கிடைத்திருக்கின்றன. கட்டியில் சக்கரவர்த்தியின் பெயர் இருக்கிறது. வெட்டி எடுத்தவன் பெயர் இல்லை.

அந்தப் பெயர் தெரியாதவனை நம்மை நினைக்க வைப்பதுதான் இந்த நாவலின் சிறப்பு. அரண்மனையின் கதை மட்டுமா சரித்திரம்? வாடகைக்கு அல்லாடியவனும், துணி வெளுத்தவளும், சுரங்கத்தில் மடிந்தவனும் சரித்திரம்தான்.

அடுத்த முறை பிள்ளை சரித்திரப் புத்தகத்தை மூடி வைத்தால் அதட்டாதீர்கள். "இந்த அரசர் கட்டிய கோட்டைக்குக் கல் சுமந்தவர் யார்? அவர் என்ன சாப்பிட்டிருப்பார்?" என்று கேளுங்கள். தூக்கம் தானாகப் பறந்துவிடும்!