கத்தரிக்கோல் செய்த குற்றம் என்ன?

பேஸ்பால் அட்டை சேகரிப்பு என்றாலே நம்மவர்களுக்கு ஞாபகம் வருவது பணம்தான். 2022-ல் மிக்கி மேன்டிலின் 1952-ஆம் வருட டாப்ஸ் அட்டை ஒன்று 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. ஒரு அட்டைக்கு இவ்வளவா என்று வாய் பிளக்காதவர்கள் குறைவு. ஆனால் நான் இங்கே பேச நினைப்பது அந்த ரக அட்டையைப் பற்றி இல்லை. பபிள் கம் பெட்டியின் மேலேயே அச்சடித்து, "வெட்டி எடுத்துக்கொள்" என்று புள்ளிக்கோடும் போட்டுக் கொடுத்தார்களே, அந்த அட்டைகளைப் பற்றி.

முதலில் கொஞ்சம் பின்கதை. பஸூக்கா என்பது அமெரிக்காவில் டாப்ஸ் கம்பெனி விற்ற பபிள் கம். இதே டாப்ஸ்தான் பொட்டலத்துக்குள் பேஸ்பால் அட்டை வைத்தும் கம் விற்றது. 1959-ல் பஸூக்கா பெட்டியிலேயே ஒரு பெரிய வண்ண அட்டையை அச்சடித்தார்கள். அந்த வருடம் மொத்தம் 23 வீரர்கள். ஹாங்க் ஆரன், வில்லி மேஸ், மேன்டில் எல்லாரும் அதில் உண்டு. அடுத்த வருடத்திலிருந்து பெட்டியின் அடியில் மூன்று மூன்று சிறிய அட்டைகள். 1960-ல் முழு வரிசை 36 அட்டை. அதாவது 12 விதமான பெட்டிகள் கிடைத்தால்தான் வரிசை முடியும். எந்தப் பெட்டியும் இரண்டாவது முறை வராது என்று வைத்துக்கொண்டாலே 12 பெட்டி கம் வாங்க வேண்டும். அம்மா அப்பாக்களின் பாடு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள் :-) இந்தப் பழக்கம் 1971 வரை போனது. சாதாரண அட்டையின் பின்பக்கத்தில் வீரரின் கணக்கு வழக்கெல்லாம் இருக்கும். இந்தப் பெட்டி அட்டைகளில் பின்பக்கம் வெறுமை. பெட்டியின் உள்பக்கம் அல்லவா!

1986-ல் டாப்ஸ் மறுபடியும் இதைச் செய்தது. ஆனால் இந்த முறை வீட்டுக்கு வாங்கிப் போகும் பெட்டியில் இல்லை. கடை மேஜையில் அட்டைப் பொட்டலங்களை அடுக்கி வைத்திருக்கும் பெட்டியின் அடியில் நான்கு அட்டைகள். பொட்டலங்கள் தீர்ந்ததும் காலிப் பெட்டியை எனக்குத் தாருங்கள் என்று கடைக்காரரைக் கேட்டு வாங்கினால்தான் உண்டு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இன்றைய சேகரிப்பாளர்களின் கணக்கில் வெட்டாத முழுப்பெட்டிக்குத்தான் முதல் மரியாதை. அடுத்து, மூன்றும் ஒட்டியபடி இருக்கும் அட்டைத்துண்டு. தனித்தனியாக வெட்டிய அட்டை கடைசி. அதிலும் புள்ளிக்கோட்டைத் தாண்டி உள்ளே வெட்டிவிட்டால் போச்சு. தரம் போடும் நிறுவனங்களிடம் 1 முதல் 10 வரையிலான மதிப்பெண் கிடைக்காது, "இது அசல்தான்" என்ற முத்திரையோடு திருப்தி அடைய வேண்டும்.

எனக்கு இதில்தான் உடன்பாடு இல்லை. வெட்டு என்று சொல்லித்தானே கொடுத்தார்கள்? வெட்டிய பையன் தப்பு செய்யவில்லை. சொன்னதைச் செய்தான். கோணலாக வெட்டினான், சரி. எட்டு வயதுப் பையனின் கையில் வேறு எப்படி வரும்? அவனால்தான் அந்தக் காகிதம் குப்பைக்குப் போகாமல் தப்பியது. காலிப் பெட்டியைத் தூக்கிப் போடுவதுதான் உலக வழக்கம். முழுசாகத் தப்பிய பெட்டிகள் அனேகமாக யாரும் கவனிக்காமல் எங்கோ கிடந்தவையாகத்தான் இருக்க வேண்டும். ஆசைப்பட்டு வெட்டி வைத்துக்கொண்டவனின் அட்டைக்குக் கடைசி இடம், தொடாமல் விட்டதற்கு முதல் இடம். கொஞ்சம் விசித்திரமாக இல்லை?

எதிர்த்தரப்பின் நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். பின்பக்கம் வெறுமையான மெல்லிய அட்டையைப் போலியாக அச்சடிப்பது ஒப்பிட்டால் சுலபம். மடிப்பும் மூடியும் கம் விளம்பரமும் உள்ள முழுப்பெட்டியை அப்படிச் செய்வது கஷ்டம். வாங்குபவருக்கு அது ஒரு பாதுகாப்பு. அதோடு, இந்தப் பொருள் கடையில் எப்படி இருந்தது, எப்படி விற்றார்கள் என்பதை முழுப்பெட்டிதான் காட்டும். அது அரிது என்பதையும் மறுக்கவில்லை. அரிதானதற்கு அதிக விலை கொடுப்பது அவரவர் இஷ்டம்.

ஆனால் விலை அதிகம் என்பது வேறு, மற்றது மட்டம் என்பது வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்வதால் நிஜமான சேதம் நடக்கிறது. கோணலாக வெட்டிய அட்டைக்கு மதிப்பில்லை என்றால், அதை வாங்கியவர் ஓரத்தை நேராக்கினால் என்ன என்று யோசிக்க ஆரம்பிப்பார். அறுபது வருடத்துக்கு முந்தைய வெட்டு போய், இன்றைய வெட்டு வந்துவிடும். இன்னொரு பக்கம், மூன்று அட்டைத் துண்டில் நடுவில் ஒரு பெரிய வீரர் இருந்தால் அவரை மட்டும் நேர்த்தியாக வெட்டி எடுத்துத் தனியாக விற்கத் தோன்றும். பக்கத்தில் இருந்த இரண்டு சாதாரண ஆட்டக்காரர்களைப் பற்றி யாருக்கு என்ன கவலை?

அப்படியானால் வெட்டுவது சரியா தப்பா என்று நீங்கள் கேட்கலாம். என்னைப் பொறுத்தவரை, 1960-ல் வெட்டியது சரி, இன்று வெட்டுவது தப்பு. அன்று பெட்டிகள் கடை முழுக்க இருந்தன, வெட்டியவன் விளையாட வெட்டினான். இன்று மிஞ்சியது கொஞ்சம், வெட்டுபவர் விற்க வெட்டுகிறார்.

புதிதாகச் சேகரிக்கத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். முழுப்பெட்டி கிடைத்தால் அப்படியே வையுங்கள், கத்தரிக்கோலை எடுக்காதீர்கள். கையில் காசு குறைவா? கோணல் அட்டையைத் தயங்காமல் வாங்குங்கள். ஓரத்தைச் சரி செய்யாதீர்கள். பேர் தெரியாத ஒரு பையன் எங்கே கோட்டைத் தவறவிட்டான் என்பதும் அந்த அட்டையின் சரித்திரம்தான். அதை நேராக்க நமக்கு உரிமை இல்லை.