திரும்பும் சதுரமுகி

சதுரமுகி ஒன்றை வரையச் சொன்னால், நம் வீட்டுப் பிள்ளைகள் இரு சதுரங்களைச் சற்றே விலக்கி வரைந்து, மூலைகளைக் கோடுகளால் இணைத்துவிடுவார்கள். ஆசிரியரும் சரியென்பார். ஆனால், கம்பியாற் செய்த சதுரமுகியை, ஓர் உச்சியும் அதற்கு நேரெதிரான உச்சியும் ஒன்றையொன்று மறைக்குமாறு, தொலைவில் நின்று நோக்கினால் தோன்றுவது யாது? ஒழுங்கான ஓர் அறுகோணியும் அதனுள்ளே மூன்று மூலைவிட்டங்களுமே! வாயாற் சொன்னால் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். நாமும் இளமையில் நம்பவில்லை.

அச்சிட்ட படம் ஒரு பக்கத்தையே காட்டும். திருப்பிப் பார்க்க இடந்தராது. இக்குறையைப் போக்கிய கருவிகளுள் ஒன்று, மார்ட்டின் கிரௌஸ் என்பார் ஜாவா மொழியில் ஆக்கிய 'லைவ்கிராபிக்ஸ் 3டி'. 1988இல் வெளிவந்த 'மத்தமெட்டிக்கா' என்னும் கணித மென்பொருள் விலை மிக்கது. அதனால் வரைந்த உருவங்களை, அதனை வாங்க வசதியற்ற மாணவனும் தன் கணினியிலே கண்டு, சுட்டியைப் பற்றி இழுத்து, வேண்டியவாறு திருப்பிப் பார்க்க இக்கருவி இலவசமாக உதவிற்று.

அது செய்த வேலை வியப்புக்குரியது. இணையப் பக்கம் அனுப்பியது படமன்று, வெறும் எண்களே. சதுரமுகிக்கு எட்டு உச்சிகள். உச்சிக்கு மூன்றாக இருபத்துநான்கு எண்கள். எந்த உச்சிகள் சேர்ந்து எந்த முகமாகும் என்ற குறிப்பு. அவ்வளவுதான். கை அசையுந்தோறும் ஒவ்வோர் உச்சியும் திரையில் எங்கே விழும், எம்முகம் எதனை மறைக்கும் என்று கருவி புதிதாகக் கணித்து வரைந்தது. இரு கண்களுக்கும் இரு படங்களை அருகருகே காட்டி, உருவம் புடைத்து நிற்பதுபோலத் தோன்றச் செய்யவும் அதற்குத் தெரியும். 1838இல் வீற்ஸ்ரன் விளக்கிய பழைய உபாயமே அது.

பின்னர் வந்தது இடையூறு. ஜாவாத் துணைச் செருகியை 2015இல் குரோம் உலாவியும், 2017இல் பயர்பொக்ஸும் கைவிட்டன. பாதுகாப்பை முன்னிட்டுச் செய்ததைக் குறைகூற மாட்டோம். எனினும், வளைபரப்புகள் சுழன்ற பக்கங்கள் பல வெற்றிடமாய்ப் போனது கற்போர்க்குப் பெரு நட்டமே. எஞ்சிய ஆறுதல் ஒன்றுண்டு: அவ்வெண்கள் சாதாரண எழுத்துக் கோப்புகளில் இருந்தமையால், வேறொரு கருவியும் அவற்றைப் படித்து வரையலாம்.

2011இல் வெளியான 'வெப்ஜிஎல்' என்னும் ஏற்பாட்டால், இன்று செருகியின்றியே உலாவிகள் முப்பரிமாண உருவங்களை வரைகின்றன. மார்க்குஸ் ஹோஹென்வார்ட்டர் சால்ஸ்பேர்க்கில் 2001இல் தொடங்கிய 'ஜியோஜிப்ரா'வும் மாணவர்க்கு இலவசமே; கைத்தொலைபேசியிலும் இயங்கும்.

இன்று மாலை பிள்ளைகள் அதில் ஒரு சதுரமுகியை அமைக்கட்டும். முகங்களின் நிறத்தை நீக்கி, விளிம்புகளை மட்டும் விட்டு, விரலால் மெல்லத் திருப்பட்டும். எட்டு உச்சிகளும் ஏழாகத் தோன்றும் கணத்தில் கையை எடுத்துவிட்டு, கண்டதைத் தாளில் வரைந்து அம்மாவிடம் காட்டி, இது என்னவென்று கேட்கட்டும்.