ஆசிரியர்களிடம் விட்டுப் பார்த்தது யார்?

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ஆண்டு விழா, பணிநிறைவு விழா, பெற்றோர் கூட்டம் என்று எது நடந்தாலும், மைக்கைப் பிடிக்கும் பெரியவர்களில் ஒருவராவது இதைச் சொல்லாமல் மேடையை விட்டு இறங்குவதில்லை: “ஏபிஎல்னு ஒண்ணைக் கொண்டுவந்தாங்க. பாயை விரிச்சு, கையில அட்டையைக் குடுத்து, பிள்ளை தானாப் படிச்சிரும்னாங்க. வாத்தியார் சும்மா உக்காந்தாரு. ஒரு தலைமுறையே எழுதப் படிக்கத் தெரியாமப் போச்சு. கையில கம்பு இருந்த காலத்துலதான் நம்ம மாவட்டம் முதலிடம்.” கூட்டம் கைதட்டுகிறது. முன்வரிசையில் இருக்கும் ஆசிரியர்களும் சேர்ந்து தட்டுகிறார்கள். பல வருடங்களாக இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுப் பொறுமை போய்விட்டது. இதில் ஒரு வாக்கியம்கூடத் தேறாது.

முதலில் அந்த முதலிடத்தை எடுத்துக்கொள்வோம். ஏபிஎல் எனப்படும் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுவதும் அரசு, உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது 2007-08 கல்வியாண்டில், ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரை. அந்த ஆண்டு மூன்றாம் வகுப்பில் பாயில் உட்கார்ந்த பிள்ளை 2017-இல் பிளஸ் டூ எழுதியது. இரண்டாம் வகுப்பில் இருந்தது 2018-இல் எழுதியது. அந்த இரண்டு ஆண்டும் பிளஸ் டூ தேர்ச்சியில் மாநில முதலிடம் நம் விருதுநகர் மாவட்டத்துக்கு. உருப்படாமல் போனதாக மேடையில் சபிக்கப்படும் தலைமுறைதான் அந்தத் தேர்வை எழுதியது. தேர்ச்சி விழுக்காட்டைக் கல்வியின் அளவுகோலாக நான் ஏற்பதில்லை. ஆனால் இவர்கள் தாங்களே தூக்கிப் பிடிக்கும் அளவுகோலிலேயே இவர்கள் பேச்சு நிற்கவில்லை.

கம்பைப் பற்றி ஒரு வரி போதும். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவு, பிள்ளையை அடிப்பதைத் தடை செய்கிறது. பள்ளி மேடையில் நின்று அதற்கு ஏங்குவது வெட்கக்கேடு.

அடுத்தது, வாத்தியார் சும்மா உட்கார்ந்தார் என்பது. இதைச் சொல்பவர்கள் ஒருநாளாவது அந்த வகுப்பறைக்குள் கால் வைத்திருப்பார்களா? சுவரில் ஏணிப்படி அட்டவணை தொங்கும். ஒவ்வொரு படியிலும் ஒரு சின்னம், ஓர் எண். தான் முடித்த படிக்கு அடுத்தது எது என்று பிள்ளை அதில் பார்க்கும்; அதே சின்னமுள்ள அட்டையைத் தட்டிலிருந்து எடுக்கும்; அந்த அட்டை எந்தக் குழுவுக்கு உரியதோ அங்கே போய் உட்காரும். ஆசிரியர் முழு உதவி செய்யும் குழு, பகுதி உதவி செய்யும் குழு, சக மாணவர் உதவும் குழுக்கள், தானே செய்யும் குழு, மதிப்பீட்டுக் குழு என்று வரிசை இருந்தது. புதிய எழுத்து, புதிய கணக்கு என்றால் பிள்ளை வந்து உட்காரும் இடம் முதல் குழு, அதாவது ஆசிரியரின் மடியருகில். அங்கே அவர் கற்பித்தே ஆகவேண்டும். நாற்பது பேரைப் பார்த்து ஒரே குரலில் கத்துவதற்குப் பதிலாக ஐந்து பேரின் முகத்தைப் பார்த்துச் சொல்லிக்கொடுத்தார். பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை, வருகைப் பதிவையும் தானே குறிக்கும் பழக்கம், இரண்டு நாள் விடுப்பு எடுத்தாலும் விட்ட படியிலிருந்தே தொடரும் வசதி. மில் வேலைக்கும் தோட்ட வேலைக்கும் பெற்றோர் போய்விட, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றுவிடும் பிள்ளைக்கு இந்தக் கடைசி வசதி எவ்வளவு பெரியது என்று மேடைக்காரர்களுக்குத் தெரியவில்லை.

“நகரத்துப் பிள்ளைக்குச் சரி, நம்ம பிள்ளைக்கு ஆகாது” என்றும் ஒரு வாதம் உண்டு. இந்த முறை பிறந்ததே ஆந்திராவில் ரிஷிவேலியைச் சுற்றியிருக்கும் ஓராசிரியர் கிராமப் பள்ளிகளில்தான்.

சரி, அப்படியானால் பல பள்ளிகளில் அட்டைகள் ஏன் பீரோவுக்குள் போய்த் தூசி படிந்தன? இந்த ஒரு கேள்வியை மட்டும் மதிக்கிறேன். அதற்கு அவர்கள் சொல்லும் பதில், பிள்ளைகளுக்குச் சுதந்திரம் கொடுத்ததுதான் கோளாறு என்பது. நடந்தது வேறு. ஆசிரியர்களுக்கு அந்தச் சுதந்திரம் கொடுக்கப்படவே இல்லை.

ரிஷிவேலியில் இந்த முறையை வகுத்த பத்மநாப ராவும் ரமாவும் அட்டைகளை உருவாக்கியபோது கிராம ஆசிரியர்களோடு உட்கார்ந்து உருவாக்கினார்கள். 2003-இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி.விஜயகுமார், மாநகராட்சி ஆசிரியர்களை ரிஷிவேலிக்கே அனுப்பினார். அவர்கள் பார்த்தார்கள், கேள்வி கேட்டார்கள், திரும்பி வந்து நம் பாடத்துக்கு ஏற்பத் தாங்களே அட்டை எழுதினார்கள். முதலில் 13 பள்ளிகளில் தொடங்கி, சரிப்பட்டு வந்த பிறகு மற்றப் பள்ளிகளுக்குப் போனது. அது தழைத்ததற்குக் காரணம், செய்தவர்களே அதை வகுப்பில் நடத்தியதுதான்.

நம் பக்கம் வந்தபோது கதை மாறிவிட்டது. அச்சடித்த அட்டைகள் கட்டுக்கட்டாக வந்து இறங்கின. பயிற்சியில் மாநிலக் கருத்தாளர் மாவட்டத்துக்குச் சொல்ல, மாவட்டம் வட்டார வள மையத்துக்குச் சொல்ல, அங்கிருந்து குறுவள மையத்துக்கு வந்து சேர்ந்தபோது ‘ஏன்’ என்பது உதிர்ந்து ‘இப்படிச் செய்’ என்பது மட்டும் மிஞ்சியது. பிள்ளை தன் வேகத்தில் படிக்கட்டும் என்று எழுதிய கையேட்டையே எல்லா ஆசிரியர்களுக்கும் ஒரே வேகத்தில், ஒரே நாளில் வாசித்துக் காட்டினார்கள். ஒரு அட்டை தன் வகுப்புக்குப் பொருந்தவில்லை என்றால் அதை மாற்றி எழுத ஆசிரியருக்கு உரிமை இருந்ததா? பார்வையிட வரும் அதிகாரி அட்டை எண்ணைத்தானே கேட்டார்? சொந்தமாக யோசிக்க விடாத ஒருவரிடம், பிள்ளையைச் சொந்தமாக யோசிக்க விடு என்று ஆணையிட்டால் எப்படி நடக்கும்?

இதற்கு உடனே ஒரு பதில் வரும்: “ஆசிரியர்களை அவங்க போக்குல விட்டா அரட்டைதான் அடிப்பாங்க.” மேடையில் சொல்லமாட்டார்கள். அலுவலக அறைக்குள் சொல்வார்கள். எனக்கு மிகவும் வலிக்கும் வாக்கியம் இதுதான்.

ஒரு சனிக்கிழமை, ஒரு குறுவள மையத்தில் ஆசிரியர் பயிற்சி. காலையில் கையெழுத்து, பிற்பகலில் கையெழுத்து, நடுவில் திரையில் ஓடியதைக் கருத்தாளர் வரி விடாமல் வாசித்தார். எழுதிக்கொண்டவர் யாருமில்லை. தேநீர் இடைவேளையில் ஒரு டீச்சர் பக்கத்திலிருந்தவரிடம் கேட்டார்: “சார், 302-ல 147 போனா என் பிள்ளைங்க அத்தனையும் 245-னு எழுதுதுங்க. சைபர்கிட்ட எப்படிக் கடன் வாங்கன்னு முழிக்குதுங்க.” அந்தச் சார் ஒரு காகிதத்தை எடுத்தார். பிள்ளைகள் கடன் வாங்காமல், எது பெரிய எண்ணோ அதிலிருந்து சிறியதைக் கழித்துவிடுகிறார்கள், 7-இல் 2, 4-இல் 0, 3-இல் 1, அதனால்தான் எல்லோருக்கும் ஒரே தவறு என்று காட்டினார். “தீக்குச்சிக் கட்டு வச்சு செஞ்சு பாருங்க டீச்சர். நூறு கட்டு ஒண்ணைப் பிரிச்சுப் பத்துப் பத்துக் கட்டாக்குங்க. அதுல ஒண்ணைப் பிரிச்சு ஒத்தைக் குச்சியாக்குங்க. ரெண்டு நூறு, ஒம்பது பத்து, பன்னெண்டு குச்சி. இனி கழிக்கச் சொல்லுங்க.” சுற்றி ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். இன்னொருவர், நடுவில் சைபர் இல்லாத கணக்கை முதலில் கொடுக்கலாமே என்றார். குறிப்பேடுகள் அப்போதுதான் திறந்தன. மணி அடித்தது. எல்லோரும் உள்ளே போய் மறுபடியும் திரையைப் பார்த்து உட்கார்ந்தார்கள்.

அன்றைக்கு நடந்த ஒரே பயிற்சி அதுதான். அதைத்தான் அரட்டை என்கிறார்கள்.

உலகத்தில் இதைப் பயிற்சி என்றே ஏற்றுக்கொண்ட இடங்கள் இருக்கின்றன. ஜப்பானில் நூறு ஆண்டுகளுக்கு மேலாக, ஒரு பள்ளியின் ஆசிரியர்கள் கூடி ஒரு பாடத்தைத் திட்டமிடுகிறார்கள். ஒருவர் நடத்துகிறார், மற்றவர்கள் பின்னால் நின்று பிள்ளைகளைக் கவனிக்கிறார்கள், பிறகு உட்கார்ந்து அலசுகிறார்கள். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 2010-இல் ஆசிரியர்களே தொடங்கிய ‘எட்கேம்ப்’ கூட்டத்தில் முன்கூட்டி எழுதிய நிகழ்ச்சி நிரல் கிடையாது. காலையில் வந்ததும் யார் எதைப் பேச விரும்புகிறாரோ அதைப் பலகையில் எழுதுகிறார். தனக்குப் பயன்படாத அறையிலிருந்து எழுந்து வேறு அறைக்குப் போகலாம், யாரும் தவறாக நினைப்பதில்லை. அங்கே ஆசிரியர்கள் நம்பப்படுகிறார்கள். நம் ஊர் ஆசிரியர் எந்த வகையில் குறைந்தவர்?

2022-இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்கேற்பப் பிரிக்கிறது. செயல்வழிக் கற்றலின் உயிர்க் கருத்து அதுதான். செத்துப்போனதென்று மேடையில் இழவு கொண்டாடியதை அரசே வேறு பெயரில் திரும்ப அழைத்திருக்கிறது. வரவேற்கிறேன். ஆனால் ஆசிரியருக்கான பயிற்சி மட்டும் இன்னமும் மேலிருந்து கீழே படிப்படியாகத்தான் இறங்குகிறது. இந்தத் திட்டமும் நாளைக்குத் தள்ளாடினால், பழி மறுபடியும் பிள்ளையின் சுதந்திரத்தின் மேல்தான் விழும். அப்போதும் யாராவது ஒருவர் மைக்கைப் பிடிப்பார்.

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டார வள மையங்களில் பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தக் கல்வியாண்டில் ஒரே ஒரு சனிக்கிழமையை ஆசிரியர்களிடம் விடுங்கள். கையேடு வேண்டாம், திரை வேண்டாம், கருத்தாளர் வேண்டாம். ஒரு கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் போதும். தங்கள் வகுப்பில் எது முட்டுக்கட்டையாக நிற்கிறது என்று அவர்களே எழுதட்டும், அவர்களே பேசட்டும். அன்று மாலை எத்தனை கையெழுத்து விழுந்தது என்று எண்ணாதீர்கள். திங்கட்கிழமை அந்த டீச்சரின் வகுப்புக்குப் போய், 302-இல் 147 போக எவ்வளவு என்று பிள்ளைகளைக் கேளுங்கள்.