தண்டவாளம் சொல்லும் செய்தி

இலங்கையின் ஆக உயரமான புகையிரத நிலையம் பட்டிப்பொல. கடல் மட்டத்திற்கு 6,200 அடிக்கு மேலே, மூடுபனியில் வண்டிக்குக் காத்திருப்போர் அறிவர்: வண்டி கண்ணிற் படுமுன்னே தண்டவாளம் செய்தி சொல்லிவிடும். சிறுவர் அதிற் காது வைப்பதுண்டு, பெற்றோர் கண்டிப்பதுமுண்டு. நாம் பெற்றோர் பக்கமே.

பாரிய பொருள்கள் ஒன்றையொன்று சுற்றி மோதுங்கால் அண்டவெளிதானும் அவ்வாறே அதிரும் என 1916-இல் ஐன்ஸ்ரைன் கூறினார். அந்த ஈர்ப்பலையை அமெரிக்காவின் லைகோ கருவிகள் 2015 செப்டெம்பர் 14-இல் முதன்முதல் உணர்ந்தன. 4 கிலோமீற்றர் நீண்ட அவற்றின் கைகள் அன்று அசைந்த அளவோ, புரோத்தனின் குறுக்களவிலும் பன்னூறு மடங்கு சிறிது!

2017 ஆகஸ்ட் 17-இல் வந்தது வேறொரு செய்தி. 13 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இரு நியூத்திரன் விண்மீன்கள் மோதியிருந்தன. ஏறக்குறைய நூறு செக்கன் அவற்றின் குரல் கேட்டது. மோதியபின் எஞ்சியது கருந்துளையா, கணப்பொழுதேனும் நிலைத்த விண்மீனா? வெண்குறளி விண்மீன் தாங்கும் பாரத்தின் எல்லையை 1930-இல் கப்பற் பயணத்தின்போது கணித்தார் நம் சந்திரசேகர். நியூத்திரன் விண்மீனின் எல்லையை அறிய, அந்த எச்சம் எழுப்பும் கீச்சுக்குரலைக் கேட்டாக வேண்டும். செக்கனுக்கு ஈராயிரம் முதல் நாலாயிரம் அதிர்வுடைய அக்குரல் கருவிகளுக்கு எட்டவில்லை.

காரணம் யாது? தாழ்ந்த மீடிறனில் நில நடுக்கமே பகை. லிவிங்ஸ்ரன் நிலையத்தை அருகே ஓடும் புகையிரதங்களே குழப்பியதுண்டு. உயர் மீடிறனிலோ அளக்கும் ஒளியே பகை. ஒளி மணிமணியாக வருவது. லயத்துத் தகரக் கூரையில் தூறல் விழுங்கால் சொட்டுச் சொட்டாக ஒழுங்கின்றி ஒலிக்கிறது. பெருமழையிலோ ஒரே சீரான இரைச்சல். ஆகவே ஒளியைப் பெருக்குகின்றனர்; 2019 முதல் அதன் ஒழுங்கீனத்தை அமுக்கும் உபாயமும் கையாளப்படுகிறது. இவ்வுயர் குரலுக்கெனவே தனிக்கருவி அமைக்கும் திட்டமொன்றை அவுஸ்திரேலியர் 2020-இல் முன்வைத்தனர். மகாராஷ்டிரத்தின் அவுண்டாவில் லைகோவின் இந்தியக் கருவி அமைய 2023 ஏப்ரலில் அமைச்சரவை இசைந்தது.

இலட்சக்கணக்கான அதிர்வுகளுக்கு மேலே நாமறிந்த விண்மீன் எதுவும் பேசாது. அண்டத்தின் பிள்ளைப் பருவத்திற் பிறந்த குறுங்கருந்துளைகள் இருப்பின் பேசலாம். மேற்கு அவுஸ்திரேலியாவில் குவாட்சுப் பளிங்கொன்றை 153 நாட்கள் காத்திருந்து கவனித்தவர்கள், அது இருமுறை துடிக்கக் கண்டு 2021-இல் வெளியிட்டனர். ஈர்ப்பலையே என்று அவர்கள் மார்தட்டவில்லை. வேறு காரணங்களையும் தாமே அடுக்கினர். அந்த நிதானம் நமக்குப் பிடித்திருக்கிறது.