முதலில் செவி, பிறகு சாஸ்திரம்

கனகாங்கி முதல் ரஸிகப்ரியா வரையில் 72 மேளகர்த்தாக்களின் பெயர்களையும் ஒரு பிழையுமின்றி ஒப்புவிக்கும் சிறுவனை அருகில் அழைத்து, தம்புராவை மீட்டி, அந்தச் சுருதியின் மேல் ஒரே ஒரு ஸ்வரத்தை அகாரமாக நீட்டிப் பாடி, அது இன்ன ஸ்வரமென்று சொல்லச் சொன்னால் அவன் திகைத்து நிற்பதைச் சங்கீதம் கற்பிக்கப்படும் இடங்கள் பலவற்றில் இன்று காணலாம். குற்றம் அந்தப் பிள்ளையினுடையதன்று. அவனுடைய ஞாபக சக்திக்கும் குறைவில்லை. செவிக்கு முதலில் கிடைக்க வேண்டியதை நாவுக்கு முதலில் கொடுத்துவிட்ட நம்முடைய போதனா முறையே அவனை அந்த நிலையில் நிறுத்தியிருக்கிறது.

நம் முன்னோர் முதல் பாடத்தை எத்துணை நுட்பமாக அமைத்தார்கள் என்பது தம்புராவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால்தான் விளங்கும். பஞ்சமம், நடுவில் இரண்டு மத்திய ஷட்ஜங்கள், கடைசியில் மந்தர ஷட்ஜம் என்று நான்கே தந்திகளைக் கொண்ட அந்த வாத்தியத்தில், குதிரையின் மேல் தந்திக்கு அடியில் செருகப்பட்டிருக்கும் ஜீவா நூலை மயிரிழை அளவு முன்னும் பின்னும் நகர்த்திச் சரியான இடத்தில் நிறுத்திவிட்டால், மீட்டிய ஒலிக்குள்ளிருந்து யாரும் மீட்டாத வேறு ஒலிகள் எழத் தொடங்குகின்றன. மந்தர ஷட்ஜத் தந்தியின் அதிர்வைப்போல் ஐந்து மடங்கு அதிர்வுடைய அந்தர காந்தாரம் அந்தத் தந்தியிலிருந்தே தானாகப் பிறக்கிறது. வித்வான்கள் அதனைச் சுயம்பு காந்தாரம் என்பார்கள். அதே நியாயத்தால் பஞ்சமத் தந்தியிலிருந்து காகலி நிஷாதம் பிறக்கிறது. புரந்தரதாசர் வகுத்ததாக மரபு கூறும் சரளி வரிசைகள் அமைந்திருக்கும் மாயாமாளவகௌளையின் காந்தாரமும் நிஷாதமும் இவ்விரண்டே அல்லவா! மேலும், ஷட்ஜத்திலிருந்து மத்தியமம் வரையில் ஸ்வரங்களுக்கிடையே என்னென்ன இடைவெளிகள் உள்ளனவோ, அவையே பஞ்சமத்திலிருந்து மேல் ஷட்ஜம் வரையிலும் அதே வரிசையில் அமைந்திருப்பதால், முற்பாதியைச் செவியில் பதித்துக்கொண்ட குழந்தைக்குப் பிற்பாதி பாதி தெரிந்த பாடமாகவே வந்து சேருகிறது. இவ்வளவும் தம்புரா ஒலிக்கும் அறையில்தான் பலிக்கும். ஹார்மோனியத்தின் காந்தாரக் கட்டை தம்புராவில் பிறக்கும் காந்தாரத்தைவிடச் சற்றே உயர்ந்து நிற்பது. அதை மட்டுமே துணையாகக் கொண்டு பயின்ற குரல் அந்த உயரத்திலேயே படிந்துவிட்டால், பிற்காலத்தில் அதைக் கீழே இறக்குவது குருவுக்கும் சிஷ்யனுக்கும் பெரும் பிரயாசையாகும். மின்சாரச் சுருதிப்பெட்டி பிரயாணத்துக்கும் தனியே செய்யும் சாதகத்துக்கும் உபயோகமானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் பிரடையைத் திருகி, மணியை நகர்த்தி, இரு தந்திகளின் ஒலிகளுக்கிடையே உள்ள அலைவு மெல்ல மெல்ல அடங்கி இரண்டும் ஒன்றாகிவிடும் கணத்தைத் தானே கண்டுகொள்ளும் அந்தப் பயிற்சியை எந்தப் பெட்டியும் ஒரு மாணவனுக்குத் தர இயலாது.

இவ்வாறு சொல்வதால் சாஸ்திர ஞானம் வேண்டியதில்லை என்று நான் வாதிப்பதாக எவரும் கொள்ளலாகாது. பதினேழாம் நூற்றாண்டில் தஞ்சை நாயக்கர் சமஸ்தானத்தில் விளங்கிய வேங்கடமகி, பன்னிரண்டு ஸ்வரஸ்தானங்களுக்குப் பதினாறு பெயர்களை வகுத்து, அவற்றிலிருந்து 72 மேளங்களைக் கணித்துக் காட்டியபோது வழக்கிலிருந்தவையாக அவர் கண்டவை 19 மேளங்களே. எஞ்சியவை கணக்கில் பிறந்து காகிதத்தில் காத்திருந்தன. பிற்காலத்தில் கோடீசுவர ஐயர் போன்ற வாக்கேயக்காரர்கள் 72 மேளங்களிலும் கிருதிகளை இயற்றிப் பாடிய பிறகே அவை யாவும் செவிக்குரிய பொருளாயின. வழியைக் காட்டியது சாஸ்திரமே என்பதை நன்றியோடு ஒப்புக்கொள்ள வேண்டும். மோகன ராகத்தை எடுத்துக்கொண்டு, ஸ்வரங்களில் ஒன்றையும் மாற்றாமல், ரிஷபத்தை ஆதார ஷட்ஜமாகப் பாவித்தால் மத்யமாவதியும், காந்தாரத்தைப் பாவித்தால் ஹிந்தோளமும், பஞ்சமத்தைப் பாவித்தால் சுத்த ஸாவேரியும், தைவதத்தைப் பாவித்தால் சுத்த தன்யாசியும் தோன்றுமென்பது சாஸ்திரம் அளிக்கும் அற்புதமான உண்மை. ஐந்து ராகங்களையும் முன்னமே கேட்டுப் பழகிய மாணவனுக்கு அதைப் பாடிக் காட்டினால் அவன் முகம் மலர்கிறது. கேளாதவனுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டினாலோ, மனப்பாடம் செய்ய வேண்டிய மற்றொரு பட்டியலாகவே அது போய்ச் சேருகிறது.

எழுத்தின் எல்லை எதுவென்று அறிய விரும்புகிறவர்கள் தோடியின் காந்தாரத்தைக் கவனிக்க வேண்டும். புத்தகத்தில் 'க' என்ற ஓர் எழுத்து. லக்ஷணத்தில் சாதாரண காந்தாரம் என்ற ஒரு பெயர். பாடும்போதோ அது பெரும்பாலும் ஓரிடத்தில் நிற்பதேயில்லை. ரிஷபத்தைத் தொட்டும் மத்தியமத்தை எட்டியும் அசைந்து, அந்த அசைவிலேயே தன் ரூபத்தைக் காட்டுகிறது. அசைக்காமல் கட்டையாகப் பிடித்தால் ஸ்வரம் இருக்கும், தோடி இராது. 1904-ஆம் ஆண்டில் எட்டயபுரத்திலிருந்து வெளிவந்த சங்கீத ஸம்ப்ரதாய ப்ரதர்சினியில் கமகங்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே குறிகளை அமைத்து, முத்துஸ்வாமி தீக்ஷிதரின் கிருதிகளை எழுத்தில் நிலைநிறுத்திய சுப்பராம தீக்ஷிதர், வயலினை நம் சங்கீதத்துக்குக் கொணர்ந்தவராகப் போற்றப்படும் பாலுஸ்வாமி தீக்ஷிதரின் மகள் வயிற்றுப் பேரனும் சுவீகார புத்திரருமாவார். பரம்பரைப் பாடத்தைச் செவியில் நிறையப் பெற்ற பிறகே அவர் எழுதுகோலை எடுத்தார். அந்த மகத்தான நூலின் குறிகளுங்கூட, அசைவை ஒருமுறையேனும் கேட்டவனுக்கே உயிருள்ளவையாகின்றன.

செவியின் தேர்ச்சி எவ்வளவு தூரம் செல்லக்கூடும் என்பதற்கு மேடையில் அமர்ந்திருக்கும் வயலின்காரரே போதிய சான்று. பாடகர் அன்று என்ன ராகத்தை விஸ்தரிக்கப் போகிறார், எந்தப் பிடியை எடுக்கப் போகிறார் என்பது முன்கூட்டித் தெரியாதிருந்தும், அகாரத்தில் வந்த ஒரு சங்கதியைக் கேட்ட மாத்திரத்தில், அதன் ஸ்வரங்களையும் அவை அசைந்த விதத்தையும் கிரகித்து, நிழல்போல் பின்தொடர்ந்து வாசித்துவிடுகிறார். பன்னெடுங்காலம் குருவின் வீட்டில் பிறருக்கு நடந்த பாடத்தையும் சேர்த்துக் கேட்டும், கோயில் வீதிகளில் விடிய விடிய ஒலித்த நாகஸ்வரத்தைக் கேட்டும் வளர்ந்த செவிகளுக்கு அது இயல்பாக வாய்த்தது. அந்தக் குருகுலவாசம் இனித் திரும்பி வரப்போவதில்லை. வாரத்துக்கு இரண்டு மணி நேரமே கிடைக்கும் இக்காலத்துப் பிள்ளைக்கு அந்தக் கேள்வியில் ஒரு பகுதியையாவது பாடத்துக்குள்ளேயே அமைத்துக் கொடுப்பது கற்பிப்போரின் கடமையாகிறது.

ஆகையால் முதல் வருஷத்தில் மாணவன் கையில் நோட்டுப் புத்தகம் வேண்டாம் என்றே சொல்வேன். பாடம் தொடங்குமுன் தம்புராவின் ஒரு தந்தியையாவது அவனே சேர்க்கட்டும். கால் மணி நேரம் ஷட்ஜத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் நிறுத்திப் பாடட்டும். பிறகு ஆசிரியர் மூன்று ஸ்வரங்களை அகாரத்தில் பாட, அவன் அவற்றை ஸ்வரமாகத் திருப்பிச் சொல்லட்டும். அடுத்து ஆசிரியர் ஸ்வரங்களின் பெயரை மட்டும் சொல்ல, அவன் அகாரத்தில் பாடட்டும். மாதங்கள் செல்லச் செல்ல மூன்று ஐந்தாகும், ஐந்து ஓர் ஆவர்த்தனமாகும். சங்கராபரணத்தையும் கல்யாணியையும் மாற்றி மாற்றிக் கேட்டு, வேற்றுமை மத்தியமத்தில் இருக்கிறதென்று அவனே கண்டு சொல்லும் நாளில், சுத்த மத்தியமம், பிரதி மத்தியமம் என்ற பெயர்களைச் சொல்லிக்கொடுத்தால் அவை ஆயுள் முழுவதும் மறவா. தாளத்திலும் இதுவே முறை. மிருதங்க மாணவர்கள் சொற்கட்டை வாயால் சொல்லிச் செவியில் ஏற்றிய பிறகே கையால் வாசிப்பதைப் பாட்டு மாணவர்களும் அனுசரிக்கலாம்.

பரீட்சைகள் எதைக் கேட்கின்றனவோ அதையே வகுப்புகள் கற்பிக்கும் என்பதால், மாற்றம் அங்கிருந்தே தொடங்க வேண்டும். அரசு இசைப்பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் லக்ஷணத்துக்கென எழுத்துத் தேர்வு ஒன்று இருப்பதுபோல், அதற்குச் சமமான மதிப்பெண்களுடன் செவித் தேர்வு ஒன்றும் இருக்கட்டும்: தம்புராவைச் சுருதி சேர்ப்பது, அகாரத்தில் கேட்ட பிடியை ஸ்வரப்படுத்துவது, முன் கேளாத ஒரு கீர்த்தனையின் பல்லவியை இருமுறை கேட்டு ராகத்தோடும் தாளத்தோடும் எடுப்போடும் திருப்பிப் பாடுவது. இம்மூன்றிலும் தேறாத மாணவனை எழுத்துத் தேர்வின் மதிப்பெண்களைக் கொண்டு மேல் வகுப்புக்கு அனுப்பலாகாது.