காருக்கு இடம் இருக்கிறது

நகரமைப்புப் பிரிவின் உயர் அதிகாரி அவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா,

மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோட்டை ஒட்டிய ஒரு தெருவிலிருந்து எழுதுகிறேன். எங்கள் மனுக்கள் உங்கள் மேசைக்கு வந்தன. 'கள ஆய்வு செய்து முடித்து வைக்கப்பட்டது' என்று கைபேசிக்குத் தகவலும் வந்தது. எது முடிந்தது என்று விளங்காததால் ஊரறிய எழுதுகிறேன். விதிகளை எடுத்துச் சொல்லப்போவதில்லை. அவை உங்களுக்கு மனப்பாடம்.

போன ஐப்பசியில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். ஒரு கிரவுண்டு மனை. அஸ்திவாரத்துக்கும் லிஃப்ட் குழிக்கும் தண்ணீர்த் தொட்டிக்குமாக, பக்கத்து வீட்டு மதில் ஓரம்வரை செங்குத்தாக, ஆள் உயரத்துக்கு மேல் தோண்டினார்கள். சரிவு விட இடமில்லை. முட்டுக் கொடுக்கக் காசில்லை போலும். (வாசலில் நின்ற விளம்பரப் பலகையில் சதுர அடி விலையைப் படித்தவர்கள் இதை நம்புவது கடினம்.) மாம்பலம் ஏரியைத் தூர்த்து 1920களில் தியாகராய நகர் எழுந்த கதை உங்களுக்குத் தெரியும். அதை ஒட்டிய எங்கள் பகுதியும் தோண்டினால் ஊறுகிற மண்தான். இரவும் பகலும் மோட்டார் வைத்து இறைத்தார்கள். தண்ணீரோடு மண்ணும் சேர்ந்து தெருக் கால்வாயில் கலங்கலாக ஓடியது. மதில் குழிப்பக்கம் சாய்ந்தது. படம் எடுத்து அனுப்பினோம்.

குழி போக மிஞ்சிய மூலையில், அதே மதிலில் தகரத்தைச் சாய்த்து, ஒடிசாவிலிருந்து வந்த ஆட்கள் படுத்திருந்தார்கள். நள்ளிரவு மழையில் மதில் அவர்கள்மேல் விழுந்தது. ஒருவர் அங்கேயே இறந்தார். இருபது வயதைத் தாண்டியிருக்கமாட்டார். இன்னொருவருக்குக் காலை எடுக்க வேண்டியதாயிற்று. ஜல்லியும் கம்பிக்கட்டும் தெருவை அடைத்திருந்ததால் ஆம்புலன்ஸ் முனையிலேயே நின்றுவிட்டது. சென்ட்ரிங் பலகையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனோம்.

உங்கள் அலுவலகம் என்ன எழுதியது? 'கனமழையால் சுவர் இடிந்தது.' நல்ல ஏற்பாடு; மழைமேல் வழக்குப் போட முடியாது. 2015 வெள்ளத்தில் ஊறியும் அசையாத மதில் அது. போலீஸார் மேஸ்திரியைப் பிடித்துப் போனார்கள். சில நாள் வேலை நின்றது. பிறகு பச்சை வலையைக் கட்டிக்கொண்டு தொடர்ந்தார்கள்.

இப்படியும் நடக்கும் என்று தெரியாது எனச் சொல்லிவிடாதீர்கள். 2014 ஜூன் 28 அன்று மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் செத்தார்கள்; அது ஊருக்கே நினைவிருக்கிறது. எட்டே நாளில், ஜூலை 6 அன்று, செங்குன்றம் அருகே உப்பரபாளையத்தில் மழையில் ஒரு கிடங்கின் சுற்றுச்சுவர் விழுந்து, ஒட்டியிருந்த குடிசைகளில் தூங்கிய 11 பேர் இறந்தார்கள். அவர்களும் கட்டட வேலைக்கு வந்தவர்கள்தான். உங்கள் கோப்புகளில் அந்த ஊரின் பெயராவது இருக்கிறதா?

நீங்கள் ஒப்புதல் தந்த வரைபடத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு காருக்கும் கோடு போட்டு இடம் ஒதுக்கியிருக்கிறது. அதில் ஓர் அடி குறைந்தால் திருப்பி அனுப்பிவிடுவீர்களாம். மாதக்கணக்கில் அங்கேயே தின்று தூங்கப்போகிறவர்கள் பாய் விரிக்க எந்தத் தாளிலும் இடமில்லை. மனை சின்னது என்கிறார் பில்டர். சின்னதென்றால் வெளியே அறை எடுத்துக் கொடுக்கட்டுமே. விற்கிற பிளாட்டில் ஒரு பால்கனியின் விலைகூட ஆகாது. இதைக் கேட்க உங்களுக்கு வாய் வராதா? காரின் அகலத்தை அளக்க மட்டும்தான் டேப் தந்திருக்கிறார்களா?

இப்போது இரண்டு வீடு தள்ளி அடுத்த குழி. அதே பில்டர், அதே தகரம், மதில் மட்டும் வேறு. அதன் அடியில் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் இருக்கிறது. மழை வருகிறது என்று வானிலைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். கள ஆய்வுக்கு மெய்யாகவே வருவதானால் காரை முனையில் விட்டுவிட்டு நடந்து வாருங்கள், உள்ளே நுழையாது. வர நேரமில்லையென்றால் பில்டருக்கு ஒரு போன் போட்டு, அந்தக் குடும்பத்தை இன்றிரவே வேறு இடத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். மனுவை அப்புறம் சாவகாசமாக முடித்து வைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தெருவாசி ஒருவன்