தாய் நாயும் தாய்தான்

சாரல் காலத்தில் குற்றாலம் போகிறவர்கள் ஆசையோடு நனைகிறார்கள். அதே சாரலில், தென்காசித் தெருவில் பிறந்த நாய்க்குட்டி குளிரிலேயே செத்துவிடும். பிறந்த குட்டிக்குத் தன் உடல் சூட்டைக் காத்துக்கொள்ளும் சக்தி இல்லை. தாயின் மடிதான் அதற்குக் கதகதப்பு.

நாயின் சினைக் காலம் சுமார் 63 நாள். நாள் நெருங்கினால் அது இரை எடுக்காது. மூலை தேடி மண்ணைப் பறிக்கும். காய்ந்த சாக்கு விரித்துவிட்டு விலகி நிற்க வேண்டும். கூட்டம் கூடினால் தாய் மிரளும். பழகியவர் ஒருவர் மட்டும் அருகே போகலாம்.

அரை மணி நேரம் விடாமல் முக்கியும் குட்டி வரவில்லையா? அது ஆபத்து. 'நாய்தானே' என்று இருந்துவிடக் கூடாது. குட்டியைப் பிடித்து இழுக்கக் கூடாது. கடையில் ஊசி வாங்கிப் போடுவது அதைவிடக் கெடுதல். வழி அடைத்திருந்தால் கர்ப்பப்பையே கிழிந்துவிடலாம். மாட்டாஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும். பெயர் அப்படி, நாய்க்கும் அங்கே வைத்தியம் உண்டு.

ஆபரேஷன் ஆன தாய் சில வேளை குட்டிகளை ஒதுக்கும். அதை அடிக்கக் கூடாது. மயக்கம் தெளிந்ததும், பக்கத்தில் இருந்து குட்டியை மடியில் விட வேண்டும். முகர்ந்து நக்கத் தொடங்கினால் பாசம் வந்துவிடும். முதல் நாள் சீம்பால் குட்டிக்கு நோய் தடுக்கும் மருந்து.

வடக்கே, ராஜபாளையத்து நாய்க்கு 2005-ல் இந்திய அரசு தபால்தலை வெளியிட்டது. தெரு நாய்க்கு அந்தப் பெருமை வேண்டாம். ஒரு சாக்கும் ஒரு மூலையும் போதும்.